‘பரவாயில்லீங்க’ என்ற பதிலை எப்படி அளப்பது? ஊழியர் ஈடுபாடு பற்றிப் புதியவர்களுக்கு

"வேலையெல்லாம் எப்படிப் போகுது?" என்று கோயம்புத்தூர்ப் பக்கம் ஏதாவது ஒரு தொழிற்சாலைக்குள் போய்க் கேட்டுப் பாருங்கள், "பரவாயில்லீங்க" என்றுதான் பதில் வரும். நிம்மதியாக வேலை பார்க்கிறவரும் அதைத்தான் சொல்வார், தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் நின்றுவிடலாம் என்று முடிவெடுத்துவிட்டவரும் அதையேதான் சொல்வார். இந்த இரண்டு பேரையும் பிரித்துக் காட்ட ஒரு வழி வேண்டும், ஈடுபாட்டை அளப்பது என்று நான் சொல்வது அதைத்தான்.

ஹெச்.ஆர். வேலைக்குப் புதிதாக வந்தவர்கள், அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தபோது "இதையும் சேர்த்துப் பாத்துக்குங்க" என்று மாட்டிவிடப்பட்டவர்கள், முதலாளி எங்கோ ஒரு கூட்டத்துக்குப் போய்வந்து "நாமளும் என்கேஜ்மென்ட் சர்வே ஒன்னு எடுத்துருவோம்" என்று சொன்னதும் முழிக்கிறவர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். நான் வேலை பார்த்ததெல்லாம் 200 பேருக்கு உட்பட்ட உற்பத்தி நிறுவனங்களில், அதனால் உதாரணங்கள் ஷாப் ஃப்ளோர் பக்கமே சாயும். ஐ.டி. ஆபீஸில் இருப்பவர்கள் லேத் என்று வரும் இடத்தில் லேப்டாப் என்று போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

எதை அளக்கப் போகிறோம்?

திருப்தி வேறு, ஈடுபாடு வேறு. கேண்டீன் சாப்பாடு நன்றாக இருக்கிறது, பஸ் வீட்டு வாசலில் நிற்கிறது, சம்பளம் தேதி தவறாமல் வருகிறது, ஆனாலும் ஒருவர் கடனே என்று வேலை பார்த்துக்கொண்டிருக்கலாம். அவர் திருப்தியாகத்தான் இருக்கிறார். மெஷின் சத்தம் கொஞ்சம் மாறியதும் காது கொடுத்துக் கேட்டு, யாரும் சொல்லாமலே நிறுத்தி, மெயின்டெனன்ஸ்காரரைக் கூப்பிடுகிறவர் ஈடுபாட்டோடு இருக்கிறார். அவருக்குக் கேண்டீன் மேல் ஆயிரம் குறை இருக்கலாம்! குறை சொல்கிறவர்களைப் பார்த்து 'இவன் சரியில்லை' என்று முத்திரை குத்தாதீர்கள். அக்கறை விட்டுப்போனவர்கள் குறை சொல்வதையும் நிறுத்திவிடுவார்கள்.

இந்த விஷயத்தில் அடிப்படையான கட்டுரை வில்லியம் கான் என்பவர் 1990இல் எழுதியது. ஒரு கோடைக்கால முகாமில் வேலை பார்த்தவர்களையும் ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனத்து ஆட்களையும் கூடவே இருந்து கவனித்து, ஒருவர் முழு மனதோடு வேலையில் இறங்குவதும் ஒதுங்கிக்கொள்வதும் மூன்று விஷயங்களைப் பொறுத்தது என்றார். நம் பேச்சில் சொன்னால்: இந்த வேலையைச் செய்வதில் அர்த்தம் இருக்கிறதா, வாயைத் திறந்தால் வம்பு வருமா, உடம்பிலும் மனசிலும் தெம்பு மிச்சம் இருக்கிறதா. இந்த மூன்றை மட்டும் ஒரு சீட்டில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள், பின்னால் எண்களைப் பார்த்துக் குழம்பும்போது உதவும்.

தயாராகக் கிடைக்கும் அளவுகோல்களும் உண்டு. கருத்துக்கணிப்பு எடுக்கும் கேலப் நிறுவனத்தின் 12 கேள்விகள் ரொம்பப் பிரபலம், 'வேலையிடத்தில் உங்களுக்கு உயிர் நண்பர் உண்டா' என்ற கேள்விக்காகவே கிண்டலடிக்கப்பட்டதும் அதுதான். நெதர்லாந்தில் உருவான உட்ரெக்ட் அளவுகோல் துடிப்பு, பற்று, வேலையில் மூழ்கிப்போவது என்று மூன்றாகப் பிரித்துக் கேட்கும். 17 கேள்விகள் கொண்டது ஒன்று, 9 கேள்விகள் கொண்டது ஒன்று. கேலப் கேள்விகள் காப்புரிமை உள்ளவை, உட்ரெக்ட் அளவுகோலைக் கல்லூரி ஆராய்ச்சிக்கு இலவசமாக எடுத்துக்கொள்ளலாமே தவிர வணிகத்துக்கு அனுமதி வாங்க வேண்டும். அதனால் எங்கிருந்தோ காப்பியடித்து ஒட்டாதீர்கள். 150 பேர் இருக்கிற கம்பெனிக்கு, சொந்தமாக எழுதிய எட்டுக் கேள்விகளே போதும் என்பது என் கட்சி.

கேட்பதற்கு முன்னால் ரெஜிஸ்டரைத் திறங்கள்

புதியவர்கள் எல்லாரும் நேரே கூகுள் ஃபார்முக்குத்தான் ஓடுவார்கள். அதற்கு முன்னால், யாரையும் ஒரு வார்த்தை கேட்காமலே தெரிந்துகொள்ளக்கூடியது உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது.

முதலில் ஆட்கள் நின்ற கணக்கு. கடந்த 12 மாதத்தில் எத்தனை பேர் நின்றார்கள் என்பதைச் சராசரி ஆள் எண்ணிக்கையால் வகுங்கள். 120 பேர் இருக்கும் இடத்தில் 30 பேர் நின்றிருந்தால் 25 சதவீதம். இதோடு நிறுத்தினால் பிரயோஜனம் இல்லை. அந்த 30 பேரில் எத்தனை பேர் சேர்ந்து மூன்று மாதத்துக்குள் போனவர்கள் என்று பிரியுங்கள். 18 பேர் என்று வந்தால் கோளாறு ஆள் எடுக்கும் இடத்திலோ முதல் சில வாரங்களிலோ இருக்கிறது. ஐந்து வருடம் இருந்தவர்கள் போகிறார்கள் என்றால் அது வேறு கதை. அப்புறம் சூப்பர்வைசர் வாரியாகப் பிரியுங்கள். இந்த ஒரு பட்டியலை முதலாளியிடம் காட்டுமுன் இரண்டு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் யாரோ ஒருவர் பெயருக்கு நேரே மட்டும் எண் பெரிதாக நிற்கும்.

அடுத்து, சொல்லாமல் எடுத்த லீவு. திங்கட்கிழமையும் சம்பளத்துக்கு மறுநாளும் எப்போதும் கூடத்தான் இருக்கும், அதை விடுங்கள். ஒரே செக்ஷனில், ஒரே ஷிப்டில் கூடுகிறதா என்று பாருங்கள். ஓ.டி.க்கு ஆள் கேட்டால் எந்த லைனில் கை தூக்குகிறார்கள், எந்த லைனில் எல்லாருக்கும் திடீரென்று வீட்டில் விசேஷம் வந்துவிடுகிறது என்பதும் ஒரு கணக்குத்தான்.

எனக்குப் பிடித்த அளவு இன்னொன்று. இந்த வருடம் புதிதாகச் சேர்ந்தவர்களில் எத்தனை பேரை நம் ஆட்களே கூட்டிவந்தார்கள்? நம் ஊரில் சித்தப்பா பையன், பக்கத்து வீட்டுத் தம்பி என்று சேர்த்துவிடுவது சாதாரணம். சேர்த்துவிட்ட இடம் மோசம் என்றால் ஊரில் திட்டு வாங்கப்போவது அவர்தான். அதனால் நல்ல இடம் என்று மனசுக்குப் பட்டால்தான் கூட்டிவருவார். முன்பெல்லாம் இப்படி நிறையப் பேர் வந்து, இப்போது ஏஜென்சி மூலமே ஆள் எடுக்க வேண்டியிருக்கிறது என்றால், சர்வேயில் கேட்கவிருந்த ஒரு கேள்விக்குப் பதில் ஏற்கெனவே வந்துவிட்டது.

இந்தக் கட்டத்திலேயே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: சம்பளம் 7ஆம் தேதிக்குள் போகிறதா, கழிவறை ஒழுங்காக இருக்கிறதா, உட்கார இடம் இருக்கிறதா? ஜவுளிக்கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றே வேலை பார்த்தவர்களுக்காக 2021இல் தமிழ்நாட்டில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தையே திருத்தி இருக்கை தரச் சொல்ல வேண்டியிருந்தது. நாற்காலி போடாமல் 'உங்கள் பணி உங்களுக்கு உற்சாகம் தருகிறதா' என்று கேட்டால் சிரிக்கத்தான் செய்வார்கள். அடிப்படை சரியில்லாவிட்டால் சர்வேயைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி எழுதுவது

ஆங்கிலக் கேள்வித்தாளை மொழிபெயர்த்தால் 'எனது நிறுவனத்தின் தொலைநோக்குப் பார்வை என்னை ஊக்குவிக்கிறது' என்ற ரகத்தில் ஒரு வாக்கியம் வரும். அதற்கு எல்லாரும் 4 போடுவார்கள், என்ன கேட்கிறார்கள் என்றே புரியாமல். பார்த்தது, நடந்தது, கையில் தட்டுப்படுவது, இப்படிப்பட்டதைக் கேளுங்கள். நான் பயன்படுத்துகிறவை ஏறக்குறைய இவை:

- காலையில் வந்ததும், இன்று நான் என்ன முடிக்க வேண்டும் என்பது தெளிவாகத் தெரிகிறது.
- வேலைக்கு வேண்டிய டூல்ஸும் மெட்டீரியலும் நேரத்துக்குக் கைக்கு வருகின்றன.
- கடந்த 15 நாளில் என் வேலையைப் பார்த்து ஒருவராவது நல்லபடியாக ஒரு வார்த்தை சொன்னார்.
- தப்பு நடந்துவிட்டால் மறைக்காமல் மேலே சொல்ல முடிகிறது.
- எங்கள் சூப்பர்வைசர் எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துகிறார்.
- அவசரத்துக்கு லீவு கேட்டால் நியாயமாகப் பார்த்து முடிவு சொல்கிறார்கள்.
- ஷிப்ட் முடிந்து போகும்போது வீட்டு வேலைக்கும் கொஞ்சம் தெம்பு மிச்சமிருக்கிறது.
- என் தம்பியோ தங்கையோ வேலை தேடினால் இங்கே சேர்த்துவிடுவேன்.

ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. கடைசியில் இரண்டு காலி இடம்: எது மாறினால் நாளைக்கே நன்றாக இருக்கும், எதை மாற்றவே கூடாது. இரண்டாவதை மறக்காதீர்கள், அதில்தான் நாம் எதிர்பாராத பதில்கள் வரும் (ஒரு தடவை பாதிப் பேர் நான்கு மணி டீயை எழுதியிருந்தார்கள், அதை நிறுத்தலாமா என்று நிர்வாகத்தில் அப்போதுதான் பேசிக்கொண்டிருந்தார்கள்).

ஒரு வாக்கியத்தில் இரண்டு கேள்வியைச் சொருகாதீர்கள். 'சம்பளமும் மரியாதையும் சரியாகக் கிடைக்கிறது' என்று கேட்டால் ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காதவர் எதை டிக் பண்ணுவார்? உங்களால் மாற்றவே முடியாத விஷயத்தையும் கேட்காதீர்கள். கேட்டுவிட்டால் அது வாக்குறுதி மாதிரி ஆகிவிடும்.

ஒடிசா, பீகாரிலிருந்து வந்து வேலை பார்க்கிறவர்கள் இருந்தால் அவரவர் மொழியில் தாள் வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்த லைனுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் வாசித்துக் காட்ட வேண்டும். கான்ட்ராக்ட் ஆட்களை 'அவங்க நம்ம ரோல்ல இல்லையே' என்று விட்டுவிட்டால், ஷாப் ஃப்ளோரில் பாதியை விட்டுவிட்டு ஆபீஸை மட்டும் அளந்ததாக ஆகும்.

பயம் போனால்தான் பதில் வரும்

என் முதல் சர்வேயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தாள் அச்சடித்து, செக்ஷன் வாரியாகக் கட்டுக்கட்டி, சூப்பர்வைசர்கள் கையில் கொடுத்து, மாலைக்குள் வாங்கித் தரச் சொன்னேன். வந்துவிட்டது, நூற்றுக்கு நூறு பேர். சராசரி 4.4. பெருமையாகப் பவர்பாயின்ட் போட்டுக் காட்டினேன். தீபாவளிக்கு போனஸ் வாங்கியதும் ஒரே செக்ஷனில் 9 பேர் நின்றுவிட்டார்கள். அந்தச் செக்ஷன் தாள்களை எடுத்துத் திரும்பப் பார்த்தேன். எல்லாமே ஒரே நீலப் பேனா, டிக் எல்லாம் ஒரே சாய்வில், வால் மேலே இழுத்தபடி. யாரோ ஒருவர் உட்கார்ந்து மொத்தத்தையும் அரை மணி நேரத்தில் முடித்திருக்கிறார். தாளை வாங்கிய கையிலேயே பதிலும் எழுதப்பட்டுவிடும் என்பது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

அதற்கப்புறம் பூட்டிய பெட்டி, சாவி என்னிடம். பெட்டி டைம் ஆபீஸ் பக்கம் இல்லை, கேமரா இல்லாத ஒரு மூலையில். மொபைலில் எடுப்பதாக இருந்தால் கூகுள் ஃபார்மில் மின்னஞ்சல் சேகரிப்பை அணைத்துவிடுங்கள், 'ஒருவருக்கு ஒரு பதில்' என்பதையும் அணையுங்கள். அது லாகின் கேட்கும், லாகின் கேட்டாலே 'நம்ம பேரு போயிடும்' என்று ஆட்கள் மூடிவிடுவார்கள். ஓரிருவர் இரண்டு தடவை போட்டால் போட்டுவிட்டுப் போகட்டும்.

பெயர் கேட்கவில்லை, ஆனால் செக்ஷன், வயது, ஆணா பெண்ணா, எத்தனை வருட சர்வீஸ் என்று நான்கும் கேட்டால் அதுவே பெயர்தான். பெயின்ட் செக்ஷனில் 40 வயதுக்கு மேற்பட்ட பெண் ஒரே ஒருவர்தானே இருப்பார். செக்ஷனும் ஷிப்டும் போதும். ஐந்து பேருக்குக் குறைவாகப் பதில் தந்த எந்தப் பிரிவையும் தனியாகக் காட்ட மாட்டோம், பக்கத்துப் பிரிவோடு சேர்த்துவிடுவோம் என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி நடங்கள். "அந்த மூணு பேர்ல யாரு எழுதுனது?" என்று மேலிருந்து கேட்பார்கள், கண்டிப்பாகக் கேட்பார்கள், அப்போது இந்த விதியைக் காட்டித் தப்பிக்கலாம். கையெழுத்துத் தாளை அப்படியே யாரிடமும் கொடுக்காதீர்கள், டைப் செய்து கொடுங்கள்.

யூனியன் இருந்தால் கேள்வித்தாளை முதலில் அவர்களிடம் காட்டுங்கள். 100 பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்களில் அரசு உத்தரவிட்டால் வொர்க்ஸ் கமிட்டி (நிர்வாகமும் தொழிலாளர்களும் சேர்ந்த குழு) அமைக்க வேண்டும், இருந்தால் அங்கேயும் வையுங்கள். இல்லையென்றால் மதியச் சாப்பாட்டுக்குள் 'ஆள் குறைக்கத்தான் எடுக்கிறாங்க' என்ற செய்தி மூன்று ஷிப்டுக்கும் போய்விடும்.

பாலியல் தொல்லை பற்றி யாராவது காலி இடத்தில் எழுதியிருந்தால் அதை ரிப்போர்ட்டில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டுப் போகாதீர்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் 2013 சட்டப்படி உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். அதன் தலைவரிடம் உடனே சொல்லி, எப்படிப் புகார் தரலாம் என்பதை எல்லாருக்கும் தெரியும்படி மறுபடி அறிவியுங்கள்.

நாள் பார்ப்பதும் முக்கியம். போனஸ் 8.33 சதவீதமா அதற்கு மேலா என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கும் மாதத்தில் எடுத்தால் எட்டுக் கேள்விக்கும் போனஸே பதிலாக வரும். இன்க்ரிமென்ட் மாதமும் வேண்டாம்.

எண்ணைப் படிப்பது

சராசரியை நம்பாதீர்கள். 10 பேர் உள்ள ஒரு செக்ஷனில் எல்லாரும் 3 போட்டால் சராசரி 3. இன்னொரு செக்ஷனில் ஐந்து பேர் 5, ஐந்து பேர் 1 போட்டாலும் சராசரி அதே 3. முதல் இடத்தில் எல்லாரும் 'பரவாயில்லீங்க'. இரண்டாவது இடத்தில் யாரோ சிலருக்குச் செல்லம், சிலருக்குச் சாட்டை. அதனால் 4, 5 போட்டவர்கள் எத்தனை சதவீதம், 1, 2 போட்டவர்கள் எத்தனை சதவீதம் என்று தனித்தனியாக எழுதுங்கள்.

'இங்கே வேலைக்குச் சேரச் சொல்லி நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா' என்று 0 முதல் 10 வரை கேட்கும் ஒரு முறையும் உண்டு. ஃபிரெட் ரைக்ஹெல்ட் என்ற நிர்வாக ஆலோசகர் 2003இல் வாடிக்கையாளர்களுக்காகச் சொன்னதை ஊழியர்கள் பக்கம் திருப்பியது. 9, 10 போட்டவர்களின் சதவீதத்திலிருந்து 0 முதல் 6 வரை போட்டவர்களின் சதவீதத்தைக் கழிக்க வேண்டும், 7ம் 8ம் கணக்கில் வராது. 40 பேரில் 14 பேர் மேலே, 10 பேர் கீழே என்றால் 35 கழித்தல் 25, ஆக +10. எளிமையான கணக்குத்தான், ஆனால் நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. 60 மார்க் எடுத்தாலே ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று வளர்ந்தவர்கள் நாம், 6 போட்டவர் 'பரவாயில்லையே, நல்லாத்தானே சொல்லிருக்கேன்' என்று நினைத்துப் போட்டிருப்பார், கணக்கு அவரை எதிரிக் கூட்டத்தில் சேர்த்துவிடும். போதாததற்கு 40 பேரில் ஒரே ஒருவர் 8இலிருந்து 9க்குப் போனாலே மதிப்பெண் 2.5 ஏறிவிடும். சின்ன கம்பெனியில் இந்த ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் கேக் வெட்டாதீர்கள்.

வெளி எண்களோடு ஒப்பிடும் ஆசையையும் விடுங்கள். கேலப் கணக்குப்படி 2024இல் உலக அளவில் ஈடுபாட்டோடு வேலை செய்தவர்கள் 21 சதவீதம். அவர்கள் கேட்ட கேள்வி வேறு, எண்ணிய முறை வேறு. உங்கள் பேக்கிங் செக்ஷனை உங்கள் அசெம்ப்ளியோடு ஒப்பிடுங்கள், போன வருடத்தோடு ஒப்பிடுங்கள், அது போதும்.

எத்தனை பேர் பதிலே தரவில்லை என்பதையும் செக்ஷன் வாரியாகப் பாருங்கள். பெட்டி வைத்தும், நேரம் கொடுத்தும் ஒரு செக்ஷனில் பாதிப் பேர் போடவில்லை என்றால், 'சொல்லி என்ன ஆகப்போகுது' என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அப்புறம் போய் உட்கார்ந்து கேளுங்கள்

சர்வே எங்கே வலிக்கிறது என்று காட்டும், ஏன் என்று சொல்லாது. 1920களின் கடைசியில் அமெரிக்காவில் ஹாத்தார்ன் தொழிற்சாலையில் 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் பேட்டி எடுத்தார்கள். முதலில் தயார் செய்த கேள்விகளை வைத்துக்கொண்டு கேட்டார்கள், ஆட்களோ தங்களுக்குப் பட்டதையே பேசினார்கள். பிறகு கேள்வித்தாளை ஓரம் வைத்துவிட்டு அவர்கள் போக்கிலேயே பேசவிட்டுக் கேட்டார்கள். நூறு வருடம் ஆகப்போகிறது, இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆறேழு பேர், சூப்பர்வைசர் இல்லாமல், கான்பரன்ஸ் ஹாலில் இல்லாமல், ஷிப்ட் நேரத்துக்குள்ளேயே 40 நிமிடம் (ஷிப்ட் முடிந்து கூப்பிட்டால் கண்ணெல்லாம் பஸ் மேல்தான் இருக்கும்). 'என்ன பிரச்சினை?' என்று தொடங்காதீர்கள், 'பிரச்சினை ஒன்னுமில்லீங்க மேடம்' என்றுதான் வரும். 'நேத்து ஷிப்ட் ஆரம்பிச்சதிலிருந்து என்ன நடந்துச்சுன்னு வரிசையா சொல்லுங்க' என்று கேளுங்கள்.

ஒரு முறை மெஷின் ஷாப்பில் டூல்ஸ் பற்றிய கேள்விக்கு இரவு ஷிப்டில் மட்டும் மதிப்பெண் அதலபாதாளத்தில் இருந்தது. ஸ்டோர்ஸில் கேட்டால் எல்லாம் இருக்கிறது, கையெழுத்துப் போட்ட ரெஜிஸ்டரும் இருக்கிறது. உட்கார்ந்து கேட்டபோது இருபது நிமிடம் வரை டீ ஆறிப்போவது பற்றியும் கொசு பற்றியும்தான் பேச்சு. அப்புறம் ஒரு பையன், தரையைப் பார்த்துக்கொண்டே, "வெர்னியர் பீரோல இருக்குதுங்க, சாவி பகல் ஷிப்ட் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோயிருவாருங்க" என்றான். வெர்னியர் என்பது அளவெடுக்கும் கருவி, தொலைந்துபோகும் என்று பயந்து பூட்டியிருக்கிறார்கள். இரவில் கண் மதிப்பில் ஓட்டியிருக்கிறார்கள், காலையில் க்யூ.சி. அளந்து ரிஜெக்ட் என்று ஒதுக்கிய பீஸெல்லாம் இவர்கள் பெயரில் ஏறியிருக்கிறது. 'நைட் ஷிப்ட் பசங்களுக்கு அக்கறையே இல்லை' என்று மாதாந்திரக் கூட்டத்தில் நானும் தலையாட்டியிருக்கிறேன். மறுநாள் செக்யூரிட்டியிடம் ஒரு சாவி, கூடவே புதிதாக ஒரு வெர்னியர். செலவு சில ஆயிரம் ரூபாய்.

கான் சொன்ன மூன்றை வைத்துப் பார்த்தால் இது தெம்புப் பிரச்சினை மாதிரி தெரியும். எனக்கு இரண்டாவதாகத்தான், வாயைத் திறந்தால் வம்பு என்பதாகத்தான் படுகிறது. சாவியைக் கேட்டால் 'அண்ணனையே கேள்வி கேக்கறியா' என்றாகிவிடும் என்ற பயத்தில் எட்டு மாதம் யாரும் கேட்கவில்லை.

திருப்பிச் சொல்வது

பதில் வாங்கிய இரண்டு வாரத்துக்குள் நோட்டீஸ் போர்டில் ஒரே ஒரு பக்கம். நீங்கள் சொன்னது இது, இதை இந்தத் தேதிக்குள் செய்கிறோம், இதைச் செய்ய முடியாது, காரணம் இது. மூன்றாவதை எழுத நிர்வாகம் தயங்கும், எழுத வையுங்கள். பத்து விஷயத்தை எடுத்துக்கொள்ளாமல் இரண்டை எடுத்து முடியுங்கள், அதில் ஒன்றாவது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கட்டும். குறைந்த மதிப்பெண் வந்த சூப்பர்வைசரைக் கூட்டத்தில் வைத்து விசாரிக்கவே கூடாது. தனியாகக் கூப்பிட்டு, அவருக்கும் டீ வாங்கிக்கொடுத்து, அவர் தலையில் எவ்வளவு டார்கெட் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். மூன்று மாதம் கழித்து, மாற்றிய விஷயங்களைப் பற்றி மட்டும் மூன்று கேள்வி போதும். முழு சர்வே வருடத்துக்கு ஒரு முறை.

ஒரு எச்சரிக்கை. ஒழுங்காக எடுத்த முதல் சர்வேயில் மதிப்பெண் இறங்கத்தான் செய்யும். பெட்டி வைத்து எடுத்த அந்த இரண்டாவது தடவை எங்களுக்கு 4.4 போய் 3.6 வந்தது. எம்.டி. தாளைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஒரு வருஷம் இவ்வளவு பண்ணியும் இறங்கிருச்சு?" என்றார். பழைய கட்டையும் புதிய கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பழையதில் ஒரே நீல டிக். புதியதில் பென்சில், பச்சை மை, கிரீஸ் கை பட்ட கறை, காலி இடத்தில் பாதி ஹிந்தியில் ஏதோ எழுதி அடித்து மறுபடி எழுதியது. கொஞ்ச நேரம் புரட்டிக்கொண்டிருந்தவர், ஹிந்தித் தாளை மட்டும் தனியே எடுத்து, "இதுல என்ன எழுதிருக்குன்னு யாரையாச்சும் வெச்சுப் படிக்கச் சொல்லும்மா" என்று நீட்டினார்.